குறைவாக ஓடும் காருக்குக் கடற்கரை ஊரில் என்ன பராமரிப்பு தேவை?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறீர்கள்; 2018ஆம் ஆண்டின் பெட்ரோல் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன; காலையும் மாலையும் பிள்ளைகளை இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், சனிக்கிழமை புதுச்சேரிக்குப் போய் வருவதும்தான் அதன் ஓட்டம். அண்மையில் சர்வீஸுக்கு விட்டபோது என்ஜின் ஃப்ளஷ் (உட்புறத்தை மருந்து ஊற்றி அலசுவது), த்ராட்டில் பாடி (என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், டயருக்கு நைட்ரஜன் என்று பல வரிகள் பில்லில் இருந்தன. இவற்றில் எது தேவை, வண்டியில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை எவை என்று கேட்கிறீர்கள். புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் கார் மாதத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டரைக் கூடத் தொடுவதில்லை. "பத்தாயிரம் கிலோமீட்டர் இன்னும் வரவில்லையே" என்று இருந்துவிட்டால் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஓடிவிடும். வண்டியுடன் வரும் கையேட்டில் சர்வீஸ் இடைவெளி பெரும்பாலும் இரண்டு விதமாகக் குறிக்கப்பட்டிருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அது. நீண்ட தூரம் ஓடுகிற டாக்ஸிக்குக் கிலோமீட்டர் முந்தும். உங்களைப் போன்றவர்களுக்கு மாதம்தான் முந்தும். குறைவாக ஓடுகிற வண்டிக்குத் தேய்மானம் குறைவு என்பது பாதி உண்மையே. கடற்கரை ஊரில் நின்றுகொண்டே இருக்கும் வண்டியை உப்பும் ஈரமும் தின்னும். நான் கீழே சொல்லப்போகும் அநேகமும் இந்த இரண்டையும் பற்றியதுதான்.

என்ஜின் ஆயிலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதால் நடப்பது அதுதான். அந்த நீர் ஆவியாகப் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். ஆனால் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயில் இருக்கும் தொட்டிக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் வெதுவெதுப்பாவதற்குள் பள்ளி வாசல் வந்துவிடுகிறது. ஈரம் அங்கேயே தங்கி, எரியாத பெட்ரோலுடன் கலந்து, ஆயிலைக் கெடுக்கிறது. சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டை விழுவதும் இப்படித்தான். ஆகவே உங்கள் சனிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடாதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குள்ள இருபத்தைந்து கிலோமீட்டருக்கு உட்பட்ட அந்த ஓட்டமே வாரம் முழுவதும் சேர்ந்த ஈரத்தை உலர்த்தும் மருந்து. அப்படியிருந்தும், கிலோமீட்டர் எவ்வளவு காட்டினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

ஆயில் அளவை மாதம் இருமுறை நீங்களே பார்க்கலாம். வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடமாவது விட்டபின், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பழந்துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு இடையில் ஆயில் நின்றால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவது நன்மை இல்லை, அது கேடு. நிறம் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், அழுக்கைச் சுமப்பது ஆயிலின் வேலை. ஆனால் டிப் ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் உள்ளே கலந்திருக்க வாய்ப்புண்டு. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் அது நான் மேலே சொன்ன குறுகிய ஓட்டத்தின் ஈரம்தான். கூலண்ட் குறையாமலும் டிப் ஸ்டிக் சுத்தமாகவும் இருந்தால், துடைத்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எந்த ஆயில் என்பதற்குக் கையேடு சொல்லும் எண்தான் முடிவு. 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது" என்று சொல்லும் கடைக்காரரின் பேச்சு பழைய கால என்ஜின்களுக்கு உரியது.

அடுத்தது துரு. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் வீட்டில் உப்பு ஜாடி கசிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நமது கரையோர ஊர்களில் இரவு ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே காரின் அடியில் ஒருமுறை படிந்த உப்பு, மழையே பெய்யாவிட்டாலும், ஒவ்வொரு இரவும் தகட்டை நனைத்துக்கொண்டே இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு மாலையில் போய் மணலோரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால், மறுநாளே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவிவிடுவது நல்லது. நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன்; உப்பு ஏறிய போர் தண்ணீரில் தினமும் காரைக் குளிப்பாட்டுகிறவர்கள் உழைத்து உழைத்துத் துருவை வளர்க்கிறார்கள். வாட்டர் சர்வீஸ் செய்யுமிடத்தில், வண்டியை ஏற்றிச் சக்கர வளைவுகளின் உட்புற மடிப்பிலும், ஜாக்கி வைக்கும் இடங்களிலும், சைலன்சர் இணைப்புகளிலும் நீரை நேராக அடிக்கச் சொல்லுங்கள். மேலே நுரை போட்டுத் தேய்ப்பதைவிட இதுவே காசுக்கு உரிய வேலை.

ஒவ்வொரு கதவின் கீழ்விளிம்பிலும் சிறிய வடிகால் துளைகள் இருக்கும். சன்னல் ரப்பர் வழியாக இறங்கும் மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மண் அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குள்ளேயே தேங்கும். கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் சளசளக்கும் வண்டிகளை மழைக்காலத்தில் நான் அடிக்கடி பார்க்கிறேன். தென்னை ஈர்க்கு ஒன்று போதும், துளையைக் குத்திவிடலாம். கம்பியால் குத்தினால் பெயின்ட் உரியும்.

முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர்கள் பொருந்தியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு உங்கள் கவனத்துக்கு வந்திருக்காது. அதற்குக் கீழே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதற்கும் வடிகால் உண்டு. சென்ற மழைக்காலத்துக்கு முன் வாதாமர நிழலிலேயே நிறுத்தப்படும் ஒரு வண்டி, உள்ளே துர்நாற்றம் என்ற புகாருடன் வந்தது. தட்டைக் கழற்றியபோது, வாதாம் இலைகள் அழுகிக் கறுப்பு மண்ணாகவே மாறி, அதில் ஒரு செடி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அதை வாரி எடுத்ததும் தேங்கி நின்ற தண்ணீர் ஒரு வாளி அளவு கீழே கொட்டியது. அது வரையில் அந்தத் தண்ணீர் ஏசியின் காற்று உள்ளே வரும் வழியாக இடப்பக்க இருக்கையின் மிதியடிக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது; மிதியடியை உயர்த்திப் பார்த்தால் தரைத் தகட்டில் சுண்டு விரல் நுழையும் அளவு ஓட்டை. மாதம் ஒருமுறை கையால் இலைகளை அள்ளிப் போட்டிருந்தால் அந்த டிங்கர் வேலைக்கே இடம் இருந்திருக்காது. நீங்கள் வாங்கியது பழைய வண்டி என்பதால், இந்த ஞாயிற்றுக்கிழமையே நான்கு மிதியடிகளையும் எடுத்துவிட்டு, அடியிலுள்ள கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

அடியில் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சுத்தமான, உலர்ந்த தகட்டின் மேல் அடித்தால் அது காக்கும். உப்பும் துருவும் இருக்கும்போதே அதன் மேல் அடித்தால், நோயை உள்ளே வைத்துத் தைத்தது போல ஆகும். வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையும் அப்படியே, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். மழையில் நனைந்து ஓரிரவு நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் செம்மஞ்சளாகத் துரு தெரிவது பற்றிப் பலர் பதறுகிறார்கள். இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் அது அழிந்துவிடும், அதற்கு ஒரு செலவும் இல்லை. ஆனால் ஊருக்குப் போவதால் வண்டி பத்து நாள் நிற்கப்போகிறது என்றால், ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போங்கள். இழுத்த நிலையிலேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பின்சக்கரங்களை விடுவிப்பது சிரமமான வேலை.

உங்கள் பில்லில் இல்லாத ஒன்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்: பிரேக் ஆயில். கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும், அளவும் அதிகம் குறையாது, ஆகவே யாரும் நினைப்பதில்லை. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். குழாய்களின் ரப்பர் வழியாகவும் மூடியின் வழியாகவும் மெல்ல மெல்ல நீர் சேரும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றும், ஈரம் ஏறிய பின் 155 டிகிரியாவது இருக்க வேண்டும் என்றும் தரக்குறிப்பே வகுத்திருக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஏற்காட்டிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடு ஏறி, திரவத்திலுள்ள நீர் ஆவியாகிக் குமிழியிடும். குமிழி அழுந்தும், திரவம் அழுந்தாது. ஆகவே மிதி பஞ்சு போலத் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. நமது கரையோர ஈரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றுவதை நான் கட்டாயமாகவே சொல்வேன். இன்னொன்று: பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் அளவு சிறிது இறங்குவது இயல்பு. இறங்கியிருக்கிறதே என்று ஊற்றி நிரப்புவதற்கு முன், பேட் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

கூலண்ட் விஷயத்தில் ஊரெங்கும் நடக்கும் தவறு, அவசரத்துக்கு என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுவது. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களில் படிந்து அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். கையேடு சொல்லும் வகையைக் கலந்து விற்கப்படும் நிலையிலேயே வாங்கலாம், அல்லது அடர் கூலண்டுடன் டிஸ்டில்டு வாட்டரைச் சம அளவு சேர்க்கலாம். வண்டி குளிர்ந்திருக்கும்போது பிளாஸ்டிக் டப்பாவின் இரு கோடுகளுக்கு இடையில் மட்டம் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது; அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலண்ட், திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். வெப்பமுள் சிவப்பைத் தொட்டாலோ வெப்பநிலை விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, ஏசியை அணைத்து ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் குடுவை போன்ற சிவப்பு விளக்குக்கு இன்னும் அவசரம் அதிகம்; "அடுத்த பங்க் வரை போய்விடலாம்" என்ற நினைப்பில் என்ஜினையே இழந்தவர்கள் உண்டு.

டயருக்கு வருவோம். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு நிரப்ப வேண்டிய அளவு அன்று. காற்றைக் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் பலர் புதுச்சேரி எல்லையைத் தாண்டிக் கன்னியக்கோயில் பக்கம் பெட்ரோல் போட்டுக்கொண்டு அங்கேயே காற்றும் பார்ப்பார்கள். அதற்குள் டயர் சூடேறி மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், கடைப்பையன் அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவான். வீட்டுக்கு அருகிலேயே, புறப்பட்ட உடனே பார்த்துவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. பில்லில் உள்ள நைட்ரஜனைப் பொறுத்தவரை, நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் இருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்க்கும் பழக்கம் அதைவிடப் பயனுள்ளது.

உங்களுடையது குறைவாக ஓடும் வண்டி ஆகையால், டயரின் மேல்வரிகளான பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துக்களுக்குப் பின் முடிவில் வரும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டியுடன் வந்த டயரே இன்னும் இருந்து, சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலையில் போக வேண்டாம். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நனைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

பேட்டரியும் ஓட்டக் குறைவால் வாடும். இரண்டு கிலோமீட்டரில், செல்ஃப் எடுக்கச் செலவான மின்சாரம் திரும்பச் சேர்வதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் துடைத்து, உலர்ந்ததும் நெகட்டிவைக் கடைசியாக மாட்டி, மேலே வாசலைன் தடவிவிடுங்கள். வைப்பர் ரப்பரை ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிவிடுங்கள், ஏசி காற்று ஃபில்டர் பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், நீங்களே கையால் கழற்றி மாற்றலாம். நீண்ட நாள் நிற்கும் வண்டியின் பானட்டைத் திறந்து எலி வேலை எதுவும் நடந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றி எழுதாமல் கடலூர்க்காரருக்குப் பதில் எழுத முடியாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இரு புயல்களும் நம் ஊர்ப்பக்கமாகவே கரை கடந்தன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. அப்போது என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பாதி, நீரில் நின்றதால் கெட்டவை அல்ல. நீர் வடிந்த பின் உரிமையாளர் செல்ஃப் அடித்ததால் கெட்டவை. காற்று ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. அழுத்த முயலும்போது, பிஸ்டனைச் சுழல்தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றைக் கழற்றி, புதிய ராடின் பக்கத்தில் மேசைமேல் வைத்து அதன் உரிமையாளருக்குக் காட்டினேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விரலால் தட்டியபோதுதான் புதியது அசையாமல் கிடக்க, பழையது கால் சமமில்லாத பலகை போல ஆடியது. அவ்வளவு வளைவே என்ஜினைப் பிரிக்கப் போதுமானதாக இருந்தது. அவர் மூன்று முறை பொத்தானை அழுத்தியதாகச் சொன்னார்.

ஆகவே சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டியை எடுக்கவே கூடாது. முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். அங்கே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி என்ஜினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே செல்ஃப் கொடுப்போம். சாதாரண முழுக் காப்பீட்டில், நீர் புகுந்த என்ஜினை இயக்கியதால் வரும் சேதத்தைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைப் புதுப்பிக்கும்போது சேர்க்க வேண்டும், அதன் விதிகளையும் படித்துக்கொள்ள வேண்டும். கெடிலமும் பெண்ணையும் ஓடும் ஊரில் அந்தக் கூடுதல் பணத்தை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் பில். ஆயில் நேரத்துக்கு மாற்றப்பட்ட என்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையில்லை. த்ராட்டில் பாடி சுத்தம் என்பது, சிக்னலில் நிற்கும்போது என்ஜின் ஏறி இறங்கி ஓடினாலோ அணைந்துபோனாலோ செய்ய வேண்டிய வேலை. அறிகுறி இல்லாதபோது வேண்டாம். ஏசியைப் போட்டதும் நாற்றம் வந்தால் கிருமிநீக்கம் பயன்படும், ஆனால் அதற்கு முன் ஃபில்டரையும் நான் சொன்ன இலை வாய்க்காலையும் பாருங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போதே, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரும்படியும், பட்டியலில் இல்லாத எதையும் தொலைபேசியில் கேட்காமல் செய்ய வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள். நேர்மையான இடத்தில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. முந்தைய உரிமையாளர் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார் என்று அவரிடமோ பழைய சர்வீஸ் புத்தகத்திலோ விசாரித்துப் பாருங்கள். தேதி கிடைக்காவிட்டால் அது இதுவரை மாற்றப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இந்த மாதமே அதை மாற்றிவிடுங்கள்.